ரஷீத் மெக்லூஃபி: கணக்கில் ஏறாத நான்கு ஆண்டுகள்

எந்தக் கால்பந்துப் புள்ளிவிவரத் தளத்தைத் திறந்தாலும் அல்ஜீரிய ஃபார்வர்ட் ரஷீத் மெக்லூஃபியின் பக்கத்தில் நடுவே ஒரு ஓட்டை இருக்கும். பிரான்சின் சாந்த்-எத்தியென் கிளப்பின் வரிசை 1957-58 சீசனோடு நின்றுவிடும். அடுத்த வரி 1962ல்தான் ஆரம்பிக்கும். விஷயம் தெரியாதவர்கள் காயம் என்றோ, தடை என்றோ நினைத்துக்கொள்வார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் ஆடிய அளவுக்கு ஐரோப்பாவின் எந்த நட்சத்திர வீரரும் நாடு நாடாகச் சுற்றி ஆடியிருக்க மாட்டார். ஆனால் அதில் ஒரு ஆட்டம்கூட ஃபிஃபாவின் கணக்கில் கிடையாது.

1958 ஏப்ரலில் அவருக்கு வயது 21. திரும்பி வந்தபோது 26. ஒரு ஃபார்வர்ட் வீரரின் கால் வேகமும் கண் தெளிவும் ஒன்றாகச் சேரும் வயது அது. மெக்லூஃபியைப் பற்றி எழுதும்போது 1968 பிரெஞ்சுக் கோப்பையிலிருந்தோ, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சார்ல் த கோல் சொன்னதாகச் சொல்லப்படும் வாசகத்திலிருந்தோ ஆரம்பிப்பது வழக்கம். அந்த நான்கு ஆண்டுகளிலிருந்து ஆரம்பித்தால்தான் அவர் ஏன் முன்னோடி என்பது பிடிபடும் என்பது என் கருத்து.

ஊர் செத்தீஃப், கிழக்கு அல்ஜீரியா. பிறந்தது 1936 ஆகஸ்ட் 12. எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1945 மே 8 அன்று, அந்த ஊரில்தான் அது நடந்தது. ஜெர்மனி சரணடைந்ததைக் கொண்டாட வந்த கூட்டத்தில் அல்ஜீரியக் கொடி தூக்கியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு, கலவரம், பிறகு வாரக்கணக்கில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பழிவாங்கல். இறந்தவர் தொகை இன்றுவரை சர்ச்சையில்தான் இருக்கிறது. பல ஆயிரம் என்பதில் வரலாற்றாய்வாளர்களுக்குள் சண்டை இல்லை. அல்ஜீரிய அரசு 45,000 என்கிறது. அதே ஊரில் மருந்துக்கடை நடத்தியவர்தான் ஃபர்ஹாத் அப்பாஸ், பின்னாளில் அல்ஜீரியத் தற்காலிக அரசின் முதல் தலைவர். பந்து உதைக்கும் பையனுக்குக்கூட அரசியல் தெரியாமல் வளர முடியாத ஊர் செத்தீஃப்.

1954ல், பதினெட்டு வயதில், சாந்த்-எத்தியெனுக்கு வந்தார். அந்த நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. அதாவது பிரெஞ்சு லீகில் அவருடைய தொழில் வாழ்க்கையும் அந்தப் போரும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கியவை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது, அது இல்லாமல் கதை புரியாது. அல்ஜீரியாவை பிரான்ஸ் தன் காலனி என்று சொல்லவில்லை. தன் நிலப்பரப்பின் மாவட்டங்களாகவே பதிவு செய்திருந்தது. அதனால் அல்ஜீரியாவில் பிறந்த வீரர் பிரெஞ்சு லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லை. வெளிநாட்டு வீரர்களுக்கான கட்டுப்பாடு அவர்களைத் தொடாது; பிரெஞ்சுத் தேசிய அணிக்கும் நேராகத் தேர்வாகலாம். கிளப்புகளுக்கு இது பெரிய வசதி. மத்தியதரைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பி, நல்ல வீரர்களைக் குறைந்த செலவில் கூட்டி வந்தார்கள். ஊரில் வாக்குக்குச் சம மதிப்பு இல்லாத ஒருவர், பாரிசில் நீலச் சட்டை போட்டு தேசிய கீதத்துக்கு நிற்கலாம். மெக்லூஃபியும் நின்றார். 1956, 1957ல் பிரான்சுக்காக நான்கு ஆட்டங்கள். 1957ல் புவெனஸ் அய்ரெஸில் நடந்த ராணுவ அணிகளுக்கான உலகப் போட்டியில் பிரான்ஸ் கோப்பை வென்றபோதும் அணியில் இருந்தார்.

சாந்த்-எத்தியென் நிலக்கரிச் சுரங்கமும் ஆயுதத் தொழிற்சாலையும் உள்ள ஊர். கிளப்பைத் தொடங்கியது கசினோ என்ற மளிகைக் கடை நிறுவனத்தின் ஊழியர்கள். பச்சைச் சட்டை அந்தக் கடைகளின் நிறம். மைதானத்தின் பெயரான ழோஃப்ருவா-கிஷார் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரின் பெயர். பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா உடல் பலத்தைவிடப் பந்தைச் சுற்றவிடும் ஆட்டத்தை நம்பியவர். அவர் கையில் மெக்லூஃபியும் காமரூனிலிருந்து வந்த யூஜின் நிஜோ லேயாவும் சேர்ந்தார்கள். 1956-57ல் கிளப் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. முன்வரிசையில் இரண்டு ஆப்பிரிக்கர்கள் கோல் அடித்து ஒரு பிரெஞ்சு கிளப்பை முதன்முறையாகச் சாம்பியன் ஆக்கினார்கள் என்பதை இன்றும் அதிகம் பேர் சொல்வதில்லை. அந்த நிஜோ லேயா சட்டம் படித்தவர். 1961ல் ஜுஸ்த் ஃபோன்தேனோடு சேர்ந்து பிரெஞ்சுத் தொழில்முறை வீரர்களின் சங்கத்தை உருவாக்கியவர். அவருக்குத் தனிப் பதிவே எழுதலாம்.

மெக்லூஃபி எப்படி ஆடினார்? அன்றைய டபிள்யூ-எம் அமைப்பில் ஐந்து ஃபார்வர்டுகள். நடுவில் நிற்கும் சென்டர் ஃபார்வர்டுக்கு இரண்டு பக்கமும் சற்றுப் பின்வாங்கி ஆடுபவர்கள் இன்சைட் ஃபார்வர்டுகள். அவருடைய இடம் அதுதான். இன்றைய பேச்சில் 10ஆம் நம்பர். அந்த அமைப்பில் எதிரணி டிஃபென்டருக்கும் ஹாஃபுக்கும் (நடுக்கள வீரருக்கும்) ஆளுக்கு ஒருவர் என்று பொறுப்பு உண்டு. இன்சைட் ஃபார்வர்ட் பத்துப் பதினைந்து கெஜம் பின்வாங்கினால், அவரைக் காவல் காக்க வேண்டியவர் கூடவே இறங்குவதா, இடத்தில் நிற்பதா என்று தடுமாறுவார். இறங்கினால் பின்னால் ஓட்டை. நின்றால் மெக்லூஃபிக்குத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்துவிடும். பந்து வருவதற்கு முன்பே உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொள்வதால் முதல் தொடுதலிலேயே எதிரி கோலைப் பார்த்து நிற்பார். பாஸ் கொடுத்த கணமே அந்தப் பந்து திரும்பி வரும் இடத்துக்கு ஓடுவார். முரட்டுத்தனம் அறவே கிடையாது, ஆள் பெரிய உருவமும் இல்லை. அவருடைய ஆட்டத்தின் அடிப்படையே எதிரியை முடிவெடுக்க வைத்து, எந்த முடிவெடுத்தாலும் அதைத் தவறாக்குவதுதான்.

இனி 1958.

அந்த ஜூனில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. ஏப்ரல் 16ஆம் தேதி பாரிசில் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நட்பு ஆட்டம். மொனாக்கோவின் முஸ்தஃபா ஸித்தூனி பிரெஞ்சு அணியின் சென்டர் ஹாஃப், அதாவது நடுத் தற்காப்பு வீரர், இடத்துக்கான முதல் தேர்வுகளில் ஒருவர். மெக்லூஃபியும் உலகக் கோப்பைக்குப் போகக்கூடியவர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். அல்ஜீரிய விடுதலை முன்னணியான எஃப்.எல்.என்., பிரான்சில் ஆடும் அல்ஜீரிய வீரர்களைக் கொண்டு ஒரு தேசிய அணி அமைக்க முடிவு செய்தது. வேலையை நடத்தியவர் முன்னாள் வீரரான முகமது பூமெஸ்ராக். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ரகசியமாகப் பேசினார்.

நாள் குறித்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 13 ஞாயிறு. அன்று லீக் ஆட்டங்கள். ஞாயிறு ஆடிய வீரர் திங்களன்று கண்ணில் படவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒருநாள் இடைவெளிக்குள் எல்லை தாண்டிவிட வேண்டும். கூட்டமாகப் போகக்கூடாது, சிறு குழுக்களாக, ஒரு குழு இத்தாலி வழி, ஒரு குழு சுவிட்சர்லாந்து வழி, ரோமில் சேர்ந்து அங்கிருந்து துனிஸ். மனைவி குழந்தைகளோடு போனவர்களும் உண்டு. ஏற்பாட்டில் பலவீனமான இடம் எது என்றால், ஒரு குழு தாமதித்தால் மற்றவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வானொலியில் வந்துவிடும், எல்லையில் காவல் இறுகிவிடும்.

தாமதமாகக்கூடிய ஆள் மெக்லூஃபிதான். ஞாயிறு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். அதோடு அவர் அப்போது கட்டாய ராணுவச் சேவையில் இருந்தார். மற்றவர்கள் பிடிபட்டால் ஒப்பந்த மீறலும் அரசியல் வழக்கும். இவர் பிடிபட்டால் போர்க்காலத்தில் படையிலிருந்து ஓடியவர். அந்தக் குற்றத்தின் தண்டனையே வேறு. லியோனில் ஆடிய அப்துல் ஹமீத் கெர்மாலியும் மொக்தார் அரீபியும் வந்து அவரை அழைத்துக்கொண்டு காரில் சுவிஸ் எல்லைக்குப் போனார்கள். கெர்மாலியும் செத்தீஃப்காரர். எல்லையில் நின்றவர்களுக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை. கால்பந்து வீரர்கள் என்று அடையாளம் தெரிந்தும் வழிவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஹசன் ஷப்ரியும் முகமது மவூஷும் பிரெஞ்சுக் காவலர் கையில் சிக்கினார்கள். அணியில் சேர அவர்களுக்குக் காலம் பிடித்தது.

மொனாக்கோ கிளப் ஒரே இரவில் ஸித்தூனி, பென் திஃபூர், பெக்லூஃபி, கோல்கீப்பர் பூபக்கர் ஆகியோரை இழந்தது. பென் திஃபூர் 1954 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு ஆடியவர். துலூஸிலிருந்து பிராஹிமியும் பூஷூக்கும் போனார்கள். முந்தைய ஆண்டுதான் அந்தக் கிளப்புக்குப் பிரெஞ்சுக் கோப்பை வாங்கித் தந்தவர்கள். பிரெஞ்சுச் செய்தித்தாள்களில் அன்று அல்ஜீரியப் போர் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்தது. அதுவரை அது தூரத்துச் சண்டை என்று நினைத்தவர்கள், தங்கள் ஞாயிற்றுக்கிழமை நாயகர்களே எழுந்து போனதைப் பார்த்தார்கள். எஃப்.எல்.என். எதிர்பார்த்ததும் இதைத்தான்.

ஸித்தூனி இருந்திருந்தால் பிரான்ஸ் 1958 அரையிறுதியில் பிரேசிலிடம் 2-5 என்று தோற்றிருக்காது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அன்று முதல் பாதியிலேயே சென்டர் ஹாஃப் ரொபேர் ஜோங்கேவுக்குக் கால் போனது. அந்தக் காலத்தில் மாற்று வீரரை இறக்க அனுமதி இல்லை. பெஞ்சில் ஸித்தூனி உட்கார்ந்திருந்தாலும் களத்துக்கு வந்திருக்க முடியாது. ஜோங்கேவின் இடத்தில் முதலிலிருந்தே ஸித்தூனி ஆடியிருந்தால்தான் அந்தக் கேள்விக்கே இடம். பதினேழு வயது பெலேயின் ஹாட்ரிக்கை அவர் தடுத்திருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

துனிஸில் சேர்ந்த முதல் அணியில் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். ஒரு ஆட்டத்துக்கு வேண்டியதே பதினோரு பேர். முதல் மாதங்களில் ஒருவருக்குத் தசை பிடித்தாலும் சமாளிப்பது சிரமம். பிறகு சிறு சிறு அலைகளாக மற்றவர்கள் வந்தார்கள். லென்ஸ் கிளப்பிலிருந்து அஹ்மத் உஜானி, லெ ஆவ்ரிலிருந்து சூக்கான் சகோதரர்கள் எனச் சேர்ந்து எண்ணிக்கை முப்பதைத் தொட்டது. துனீசிய அரசு இடம் கொடுத்தது. வீடும் மாதப் படியும் கிடைத்தன. பிரெஞ்சு கிளப் சம்பளத்தோடு ஒப்பிட முடியாத தொகை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அல்ஜீரியத் தற்காலிக அரசு கெய்ரோவில் அறிவிக்கப்பட்டது 1958 செப்டம்பர் 19. அணி அமைந்தது ஏப்ரல். அரசு பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே அந்த நாட்டின் பெயரில் பதினோரு பேர் களத்தில் நின்றார்கள். மற்ற நாடுகள் முதலில் அங்கீகரித்தது, பந்து உதைத்ததன் மூலம், அந்த அணியைத்தான்.

பிரான்ஸ் புகார் செய்தது. ஃபிஃபா இந்த அணியை ஏற்கவில்லை. இவர்களோடு ஆடும் சங்கங்களுக்கும் தண்டனை வரும் என்று எச்சரித்தது. இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தது. எதிரணி தன்னைத் தேசிய அணி என்று சொல்லாமல், நகர அணி என்றோ தொழிற்சங்க அணி என்றோ பெயர் போட்டுக்கொள்ளும். களத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே தேசிய வீரர்களாக இருப்பார்கள். ஃபிஃபா கேட்டால், நாங்கள் தேசிய அணியை இறக்கவில்லையே என்று சொல்லிக்கொள்ளலாம். கிழக்கு ஐரோப்பாவில் இந்த உத்தி நன்றாகச் செல்லுபடியானது. கொடியிலும் கீதத்திலும்தான் சிக்கல் வந்தது. பந்து ஆட அழைப்பார்கள், ஆனால் அல்ஜீரியக் கொடியை ஏற்றத் தயங்குவார்கள். கொடியும் கீதமும் இல்லையென்றால் இறங்க மாட்டோம் என்பது அணியின் நிலை. ஏனென்றால் வந்த வேலையே அதுதான்.

இராக், ஜோர்டான், லிபியா, மொராக்கோ, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, சோவியத் யூனியன், செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா, 1959 இறுதியில் சீனா, வியட்நாம். ஹனோயில் ஹோ சி மின்னே அவர்களைச் சந்தித்தார். பிரான்சை தியென் பியென் ஃபூவில் தோற்கடித்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1961ல் பெல்கிரேடில் யூகோஸ்லாவிய அணிக்கு எதிராக 6-1 வெற்றி. அந்த ஊர்க்காரர்கள் 1960 ஒலிம்பிக் தங்கம் வென்ற நாட்டினர்.

மொத்தம் எத்தனை ஆட்டங்கள் என்றால் 80க்கும் 90க்கும் இடையில் என்று சொல்லலாம். பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறும். காரணம் மேலே சொன்னதுதான்: எதிரணியின் பெயர் ஒரு செய்தித்தாளில் தேசிய அணி, இன்னொன்றில் நகர அணி; ஃபிஃபாவின் ஆட்டத்தாள் இல்லை; சில ஊர்களில் இரண்டாம் ஆட்டம் பயிற்சி ஆட்டமா, கணக்கில் சேருமா என்று தெளிவில்லை. யாராவது மெக்லூஃபி அந்த அணிக்கு இத்தனை கோல் என்று ஒரே எண்ணைத் துல்லியமாகச் சொன்னால், எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். தோல்விகளை விட வெற்றிகள் பல மடங்கு என்பதில் மட்டும் எல்லாப் பட்டியலும் ஒத்துப்போகின்றன.

ஆட்டத்தைப் பொறுத்தவரை இந்த வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் உண்டு. புள்ளிப் பட்டியல் இல்லை, கீழிறக்கம் இல்லை. ஆகவே தற்காப்பாக ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. பார்க்க வந்த மக்கள் அல்ஜீரியா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் முன்னேறி, கோல் மழையாக ஆடினார்கள். மறுபக்கம், ஒரு வாரம் கடுமையான எதிரி, அடுத்த வாரம் பலவீனமான ஊர் அணி. சீரான போட்டி இல்லாமல் தொழில்முறை வீரரின் கூர்மை மழுங்கும். நீண்ட பயணம், மாறும் தரை, மாறும் சாப்பாடு. இவ்வளவுக்கும் பிறகு 26 வயதில் திரும்பி வந்து பிரெஞ்சு லீகை மூன்று முறை வென்றவர் இவர் என்பதை வைத்து எடைபோட வேண்டும்.

1962 மார்ச்சில் போரை முடித்த எவியான் ஒப்பந்தம், ஜூலையில் விடுதலை. மெக்லூஃபி முதலில் ஜெனீவாவின் செர்வெட் கிளப்பில் சில மாதங்கள் ஆடினார். அங்கே பயிற்சியாளர் பழைய ஸ்னெல்லாதான். அந்த இடைநிறுத்தம் தேவைப்பட்டது. நேராக பிரான்சுக்குப் போனால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. சாந்த்-எத்தியென் அப்போது விசித்திரமான நிலையில் இருந்தது. 1962ல் பிரெஞ்சுக் கோப்பையை வென்றது, அதே சீசனில் லீகில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கிளப்பின் தலைவர் ரோஜே ரோஷே அவரைத் திரும்ப அழைத்தார். டிசம்பரில் மெக்லூஃபி வந்தார்.

அந்த ஊரிலிருந்தும் இளைஞர்கள் அல்ஜீரியாவுக்குப் போருக்குப் போனவர்கள்தான். எதிர்ப்புக் குரல்கள் இருந்தன, மிரட்டலும் இருந்தது. ழோஃப்ருவா-கிஷாரில் முதல் ஆட்டத்துக்கு அணி களத்தில் இறங்கியபோது கூட்டம் சத்தமில்லாமல் இருந்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். பந்து காலுக்கு வந்து, ஒருவரைத் தாண்டி, பாஸ் கொடுத்ததும் கைதட்டல் எழுந்தது. அரங்கம் அவரை மன்னித்தது என்று இதை எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. மன்னிக்கும்படி அவர் எதுவும் செய்யவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் நல்ல ஆட்டத்தைப் பார்த்தால் கைதட்டுவார்கள், அன்றும் தட்டினார்கள்.

1963ல் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1964ல் நேராகச் சாம்பியன். ஏறிய ஆண்டே பட்டம் வெல்வது எந்த லீகிலும் அபூர்வம். பிறகு 1967, 1968. 1967 இலையுதிர்காலத்தில் மாலியிலிருந்து சாலிஃப் கெய்தா வந்து சேர்ந்தார். பாரிஸ் விமான நிலையத்தில் கூட்டிப்போக ஆள் இல்லாததால் டாக்சி பிடித்து, ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து கிளப் அலுவலகத்தில் இறங்கி, வாடகையை அவர்கள் தலையில் கட்டியவர். 1970ல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவரும் அவர்தான். அந்த சீசனில் மெக்லூஃபியும் கெய்தாவும் ஒரே அணியில் இருந்தார்கள். நிஜோ லேயா, மெக்லூஃபி, கெய்தா என்று ஒரே கிளப் வழியாக ஒரு கோடு ஓடுகிறது. ஆப்பிரிக்க வீரரை ஓடக்கூடியவர் என்று மட்டும் பார்க்காமல், ஆட்டத்தை நடத்தும் இடத்தில் வைத்த கிளப்புகள் அன்று மிகக் குறைவு.

1968 மே 12, கொலோம்ப் அரங்கம், கோப்பை இறுதி, எதிரணி போர்தோ. பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் தடுப்பரண் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது; மறுநாள் பொது வேலைநிறுத்தம். சாந்த்-எத்தியென் 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் மெக்லூஃபி. லீகும் கோப்பையும் ஒரே ஆண்டில். கோப்பையைக் கொடுத்தபோது குடியரசுத் தலைவர் த கோல், பிரான்ஸ் என்றால் நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னதாகப் பரவலாகச் சொல்வார்கள். பத்து ஆண்டுக்கு முன் அதே நாட்டின் ராணுவச் சட்டப்படி தப்பியோடியவர். அந்தக் கிளப்புக்காக அவர் அடித்த கோல்கள் 150 அளவில். நான்கு ஆண்டு விடுபட்டும், கிளப் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர்களின் முன்வரிசையில் இருக்கிறார். கடைசியாக பாஸ்தியாவில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரண்டு சீசன்.

அல்ஜீரியா திரும்பித் தேசிய அணிப் பயிற்சியை ஏற்றார். 1975ல் அல்ஜியர்ஸில் மத்தியதரைக்கடல் விளையாட்டுப் போட்டி. இறுதியில் பிரான்சோடு மோதல். 1-2 என்று தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் பெத்ரூனி சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 3-2. பிரான்ஸ் அனுப்பியது முதல்தர அணி அல்ல. ஆனால் அல்ஜீரிய அதிபர் பூமெதியென் அரங்கில் உட்கார்ந்திருக்க, சொந்த மண்ணில் அந்த எதிரியிடம் வாங்கிய தங்கம் அது. 1978 ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியிலும் தங்கம்.

1982 உலகக் கோப்பையில் மஹீதீன் கலேஃபோடு சேர்ந்து அணியை நடத்தினார். அந்த அணியைப் பற்றி ஒரு பின்னணி: அல்ஜீரிய வீரர்கள் 28 வயதுக்கு முன் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போக அரசு அனுமதிப்பதில்லை. வீரர்களுக்கு அநியாயமான விதிதான். ஆனால் மாஜர், பெல்லூமி, அஸ்ஸாத் போன்றவர்கள் உள்ளூரிலேயே இருந்து, வருடக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் எதிரணி மேற்கு ஜெர்மனி. ஜெர்மானியர்கள் இவர்களைச் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை. 1964 புத்தாண்டு அன்று அல்ஜியர்ஸில் நடந்த ஒரே சந்திப்பில் அல்ஜீரியா 2-0 என்று வென்றிருந்ததையும் மறந்துவிட்டார்கள்.

ஜூன் 16, ஹிஹோன். 54ஆம் நிமிடம் மாஜர். 67ல் ஜெர்மனியின் ரும்மெனிகே சமன். நடுவிலிருந்து பந்தைத் தொடங்கிய அல்ஜீரியர்கள், ஒரு ஜெர்மானியர் கால்கூடப் படாமல் பாஸ் மேல் பாஸாகக் கோர்த்து இடப்பக்கம் அஸ்ஸாத்திடம் கொண்டுபோனார்கள். அவர் தாழ்வாக உள்ளே போட, பின் கம்பத்தருகே பெல்லூமி. 68ஆம் நிமிடம், 2-1. உலகக் கோப்பையில் ஒரு ஐரோப்பிய அணியை ஆப்பிரிக்க அணி வென்றது அதுவே முதல்முறை.

பிறகு ஆஸ்திரியாவிடம் 0-2, சிலியை 3-2. சிலி ஆட்டத்தில் இடைவேளையில் 3-0 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் விட்ட இரண்டு கோல் கோல் வித்தியாசத்தில் விலை வைத்தது. அல்ஜீரியா 4 புள்ளி, அடித்தது 5, வாங்கியது 5, வித்தியாசம் பூஜ்யம். மறுநாள் ஜெர்மனி–ஆஸ்திரியா. ஆஸ்திரியா அதற்கு முன் அடித்தது 3, வாங்கியது ஒன்றும் இல்லை. ஜெர்மனி தோற்றாலோ டிரா செய்தாலோ வெளியே. ஜெர்மனி மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் ஆஸ்திரியாவின் வித்தியாசமும் பூஜ்யம் ஆகும், அடித்த கோலில் அல்ஜீரியா தாண்டிவிடும். ஒன்றோ இரண்டோ வித்தியாசத்தில் ஜெர்மனி வென்றால் மட்டும் இருவரும் உள்ளே. பத்தாவது நிமிடம் ஜெர்மனியின் ஹ்ருபெஷ் கோல் போட்டார். மீதி எண்பது நிமிடம் இரு அணியும் பந்தைப் பின்னால் உருட்டிக்கொண்டிருந்தன. அரங்கிலிருந்த அல்ஜீரியர்கள் பணத்தாளை ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியாவின் முறையீட்டை ஃபிஃபா தள்ளியது, மீறப்பட்ட விதி எதுவும் இல்லை என்று. ஆனால் 1986லிருந்து ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இன்று நாம் இரண்டு திரையில் மாறி மாறிப் பார்க்கும் அந்தக் கடைசி நாள் பதற்றம் அன்று அல்ஜீரியாவுக்கு நடந்த அநியாயத்திலிருந்து வந்தது.

இன்னொரு விதியும் இதே வழியில் வருகிறது. மெக்லூஃபி பிரான்சுக்கும் ஆடினார், அல்ஜீரியாவுக்கும் ஆடினார். பின்னர் நாடு மாறி ஆடுவதை ஃபிஃபா இறுக்கியது. 2004ல் இளையோர் அணியில் ஆடியவர்களுக்கு 21 வயதுக்குள் ஒருமுறை மாற வழிவிட்டது. அந்த வயது வரம்பை நீக்கும்படி முன்மொழிந்து, 2009 ஃபிஃபா மாநாட்டில் நிறைவேற்றியது அல்ஜீரியச் சங்கம். பிரெஞ்சு இளையோர் அணிகளில் வளர்ந்த முராத் மெக்னி, ஹசன் யெப்தா போன்றவர்கள் அல்ஜீரியச் சட்டை போட்டது அதன் பிறகுதான். 2019ல் ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ரியாத் மஹ்ரெஸ் பிறந்தது பாரிசை ஒட்டிய சார்செல். 1958ல் இரவோடிரவாக எல்லை தாண்டிச் செய்ததை இப்போது ஒரு படிவம் நிரப்பிச் செய்கிறார்கள்.

மெக்லூஃபி 2024 நவம்பர் 8 அன்று, 88 வயதில் காலமானார். அவர் ஆட்டத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. எஃப்.எல்.என். அணியின் படச்சுருள்கள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதில் ஆட்டத்தைவிட வரவேற்பும் மாலையும் அதிகம். 1968 இறுதியின் சுருக்கத்தைப் பாருங்கள். பந்து இல்லாத நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் தொடருங்கள். பிறகு 1982 ஹிஹோன் ஆட்டத்தில் 67ஆம் நிமிடத்திலிருந்து ஒரே ஒரு நிமிடம். களத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் ஆட்டம் அதில் தெரியும்.